நெருக்கடி நேரத்தில் தலைவர் பேசினால் எப்படிக் கேட்பது? கென்னடியின் ஓர் உரையை வைத்துப் பழகலாம்

சில வருடங்களுக்கு முன்னால் ஓர் இரவு, ஏதோ ஒரு நாட்டுத் தலைவர் மேசையைத் தட்டாத குறையாகப் பேசிய 20 விநாடித் துண்டு ஒன்றை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "அவ்வளவுதான், போர் நிச்சயம்" என்று கீழே எழுதியும் வைத்தேன். தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியப்பா ஒரே வரியில் பதில் போட்டார்: "முழுசா கேட்டியாடா?" கேட்கவில்லை. அப்புறம் போய்க் கேட்டால், அந்தத் துண்டு முடிகிற இடத்துக்கு அடுத்த வாக்கியமே "ஆனால்" என்றுதான் தொடங்குகிறது. மானம் போனது.

அதற்குப் பிறகு இந்த மாதிரி உரைகளை நான் கேட்பதில்லை, படிக்கிறேன். படிப்பதற்கு ஒரு முறையும் தானாக உருவாகிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது 1962 அக்டோபர் 22, திங்கட்கிழமை மாலை 7 மணிக்கு அமெரிக்க அதிபர் கென்னடி கியூபா ஏவுகணைகள் பற்றிப் பேசிய உரை. ஏன் இவ்வளவு பழையது என்றால், இன்றைய உரைகளுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது. அன்றைய உரைக்கு எல்லாமே வெளியே வந்துவிட்டது: வெள்ளை மாளிகையில் நடந்த விவாதங்களின் ஒலிப்பதிவு, சோவியத் தலைவர் குருஷேவுடன் நடந்த கடிதப் போக்குவரத்து, இருட்டில் பேசி முடித்த பேரம், எல்லாம். விடைத்தாளும் கூடவே இருக்கிற கேள்வித்தாள் மாதிரி. நாம் ஊகித்தது சரியா என்று உடனே பார்த்துக்கொள்ளலாம்.

கதைச் சுருக்கம் இரண்டு வரியில்: அக்டோபர் 14 அன்று யு-2 உளவு விமானம் கியூபாவின் மேல் பறந்து படம் எடுத்தது. 16ஆம் தேதி காலை கென்னடியிடம் சொன்னார்கள், சோவியத் ஏவுகணைத் தளங்கள் கட்டப்படுகின்றன என்று. ஆறு நாள் மூடிய கதவுக்குள் பேசிவிட்டு, ஏழாவது நாள் தொலைக்காட்சிக்கு வந்தார். சுமார் 18 நிமிடம் பேசினார்.

முதல் வேலை: வீடியோவை மூடுங்கள்

முகம், கொடி, குரல் நடுக்கம், பின்னணியில் இருக்கும் புத்தக அலமாரி, இதெல்லாம் நம் மனதைப் பதப்படுத்தத்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. உரையின் முழு வடிவத்தை அந்த அரசின் அதிகாரபூர்வ தளத்திலிருந்து எடுத்து, முடிந்தால் காகிதத்தில் அச்சடித்துக்கொள்ளுங்கள். பென்சில் ஒன்று போதும்.

மொழிபெயர்ப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் தொலைக்காட்சிகளின் கீழே ஓடும் வரியில் எல்லாத் தலைவர்களுமே "எச்சரிக்கை" விடுக்கிறார்கள். "பதிலடி கொடுக்கும் உரிமை எங்களுக்கு உண்டு" என்று ஒருவர் சொன்னால், அது இங்கே வந்து சேரும்போது "பதிலடி கொடுப்போம்" ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு படையே நிற்கிறது. முதலாவது, செய்யாமலும் இருக்கலாம் என்பதைத் தனக்கே வைத்துக்கொள்வது. இரண்டாவது வாக்கு. மூல மொழி தெரிந்தால் மூலத்தையே பாருங்கள். தெரியாவிட்டால் குறைந்தது இரண்டு மொழிபெயர்ப்பையாவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பெயரைப் பிடியுங்கள்

கியூபாவுக்குப் போகும் கப்பல்களைக் கடலில் மறிக்கப்போகிறோம் என்பதுதான் கென்னடி அறிவித்த முக்கிய நடவடிக்கை. நம் ஊர்ப் பேச்சில் அது முற்றுகை. ஆனால் அவர் முற்றுகை என்று சொல்லவில்லை. குவாரன்டீன் என்றார். கொரோனா காலத்தில் நம் எல்லோருக்கும் பழக்கமான அதே சொல்தான். காரணம், சர்வதேசச் சட்டத்தில் முற்றுகை என்பது போர்ச் செயல். அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னால் போர் தொடங்கிவிட்டதாகவே அர்த்தம். கூடவே, 1948இல் பெர்லினில் சோவியத் செய்தது போல மக்களின் அத்தியாவசியப் பொருள்களை நாங்கள் இப்போதைக்குத் தடுக்கவில்லை என்றும் ஒரு வரி சேர்த்தார். முற்றுகை போடுகிறவன் நீ, நான் இல்லை என்று சொல்லாமல் சொல்வது.

இன்னொரு சொல்லும் உண்டு: "தாக்குதலுக்கான" ஆயுதங்கள். உரை முழுக்க அது வந்துகொண்டே இருக்கும். தடை எல்லாச் சரக்குக்கும் இல்லை, தாக்குதலுக்கான ராணுவத் தளவாடங்களுக்கு மட்டும்தான். ஏதோ வழக்கறிஞர் திருத்தம் போலத் தோன்றும், ஆனால் மூன்றே நாளில் அந்த ஒரு சொல் கடலில் வேலை செய்தது. அக்டோபர் 25 அன்று புக்கரெஸ்ட் என்ற சோவியத் எண்ணெய்க் கப்பலைச் சோதனை போடாமலே விட்டுவிட்டார்கள். எண்ணெய் தாக்குதலுக்கான ஆயுதம் இல்லையே. வெட்கப்படாமல் விட்டுக்கொடுக்க, மூன்று நாளுக்கு முன்பே சொல் தயாராக இருந்தது.

பயிற்சி இதுதான்: உரையில் நடவடிக்கைக்குச் சூட்டியிருக்கும் பெயரை அடித்துவிட்டு, சாதாரண மனிதர் அதை என்ன சொல்வாரோ அதை மேலே எழுதுங்கள். பிறகு, இந்தப் பெயரைச் சொல்லியிருந்தால் அவர் என்ன செய்ய வேண்டியிருந்திருக்கும் என்று கேளுங்கள். 2022 பிப்ரவரி 24 அன்று புதின் "சிறப்பு ராணுவ நடவடிக்கை" என்றாரே, அதில் செய்து பாருங்கள். 1945 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹிட்டோவின் குரல் முதல்முறையாக வானொலியில் ஒலித்தபோது சரணடைதல் என்ற சொல்லே அதில் வரவில்லை. போர் நிலைமை "ஜப்பானுக்குச் சாதகமாகத்தான் அமைந்தது என்று சொல்ல முடியாது" என்கிற தொனியில் ஒரு வரி வந்தது. இரண்டு நகரங்கள் அணுகுண்டில் போன பிறகு. பூசி மெழுகுவதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது.

வினைச்சொற்களுக்கு மூன்று குறி

பென்சிலை எடுத்து ஒவ்வொரு நடவடிக்கை வாக்கியத்துக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். ஏற்கெனவே உத்தரவிட்டதற்கு ஒன்று, "இப்படி நடந்தால் அப்படிச் செய்வோம்" என்பதற்கு இன்னொன்று, வேண்டுகோளுக்கு மூன்றாவது. கென்னடி முதலாவது, இரண்டாவது என்று எண்ணி ஏழு நடவடிக்கைகளைச் சொல்கிறார். கேட்கும்போது ஏழும் ஏழு இடி மாதிரி விழும். குறி போட்டுப் பார்த்தால் கணிசமானவை கூட்டம் கூட்டச் சொல்வது, கண்காணிப்பைக் கூட்டுவது, ஐ.நா.வுக்குப் போவது, குருஷேவைக் கேட்டுக்கொள்வது என்ற ரகம்.

இடி உண்மையில் மூன்றாவதில்தான் இருக்கிறது. கியூபாவிலிருந்து மேற்கு அரைக்கோளத்தின் எந்த நாட்டின் மீதாவது அணு ஏவுகணை ஏவப்பட்டால், அதைச் சோவியத் யூனியனே அமெரிக்கா மீது நடத்திய தாக்குதலாகக் கருதி, சோவியத் மீது முழுமையான பதிலடி கொடுப்போம் என்பது அது. ரத்தம் உறையும் வாக்கியம். ஆனால் நிபந்தனையைப் பாருங்கள்: ஏவினால். வைத்திருந்தால் இல்லை, கட்டிக்கொண்டே போனால் இல்லை. கட்டுவது தொடர்ந்தால் என்ன என்பதற்கு இரண்டாவதில் வேறு வாக்கியம் வைத்திருக்கிறார்: "மேற்கொண்டு நடவடிக்கை எடுப்பது நியாயமாகும்." என்ன நடவடிக்கை? சொல்லவில்லை. எப்போது? சொல்லவில்லை. உரை முழுக்கத் தேடினாலும் ஒரு கெடு தேதி கிடைக்காது.

கெடு இருக்கிறதா என்று தேடுவதை நான் எப்போதும் முதலிலேயே செய்துவிடுவேன். கெடு வைத்த தலைவர் தன் கையைத் தானே கட்டிக்கொண்டவர். அந்த நேரம் தாண்டியதும் ஒன்று அடிக்க வேண்டும், இல்லை அசிங்கப்பட வேண்டும். அக்டோபர் 27 அன்று கியூபாவின் மேல் ஒரு யு-2 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு விமானி இறந்தார். அப்படி நடந்தால் சுட்ட தளத்தைத் தாக்குவது என்று உள்ளே நான்கு நாள் முன்பே பேசி வைத்திருந்தார்கள். ஆனால் தொலைக்காட்சி உரையில் அது இல்லை. கென்னடி தாக்காமல் பொறுத்துக்கொண்டபோது, சொன்ன சொல் தவறினார் என்று பொதுவெளியில் யாரும் பிடிக்க வழியில்லாமல் போனது.

இன்னொரு விஷயம். விமானப் படை கியூபாவைத் தாக்கிவிட்டது என்று அறிவிக்கும் மாற்று உரை வரைவு ஒன்றும் அந்த வாரமே எழுதப்பட்டிருந்தது. பாரமான இதயத்தோடு சொல்கிறேன் என்று அதே கனத்த தொனியில்தான் அதுவும் ஆரம்பிக்கிறது. தொனியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அடைமொழியை மறைத்துவிட்டுப் படியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி இது. உரையின் நடுவில் கென்னடி சொல்கிறார்: எங்களுடைய ஏவுகணைகள், ரகசியம் வஞ்சகம் என்ற போர்வைக்குள் ஒளித்து, வேறெந்த நாட்டு மண்ணுக்கும் ஒருபோதும் கொண்டுபோகப்பட்டதில்லை. கேட்கும்போது காதில் என்ன விழும்? "எங்கள் ஏவுகணைகள் வேறெந்த நாட்டுக்கும் போனதில்லை." இப்போது பென்சிலால் அந்தப் "போர்வை"யை மறைத்துவிட்டுப் படியுங்கள். அந்த வாக்கியம் பச்சைப் பொய்யாகிவிடும். ஏனென்றால் துருக்கியில் 15, இத்தாலியில் 30 என்று அமெரிக்காவின் ஜூப்பிட்டர் ஏவுகணைகள் அப்போது சோவியத்தை நோக்கி நின்றுகொண்டிருந்தன. ரகசியமாக இல்லை, ஒப்பந்தம் போட்டு வைத்தவைதான். அதனால் வாக்கியம் உண்மை. அந்த ஓர் அடைமொழி இருக்கும்வரை மட்டும் உண்மை.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று நாம் சொல்வோமே, அதை இவ்வளவு நாசூக்காக எழுதியவர்களை நான் பார்த்ததில்லை. உரையைத் தயாரித்ததில் பெரும்பங்கு கென்னடிக்கு உரை எழுதிக் கொடுத்த டெட் சோரன்சனுடையது. அந்த மனிதரின் கைத்திறனை ரசிக்காமல் இருக்க முடியாது.

இப்படி ஓர் அடைமொழியைக் கண்டுபிடித்துவிட்டால், பேரம் எங்கே நடக்கும் என்பதற்கு அதுவே அடையாளம். அவ்வளவு கவனமாகச் சுற்றிப் போகிறார் என்றால் அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. நடந்ததும் அதுதான்: அக்டோபர் 27 இரவு அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி, சோவியத் தூதர் டோப்ரினினைச் சந்தித்து, துருக்கி ஏவுகணைகளைச் சில மாதங்களில் எடுத்துவிடுகிறோம், ஆனால் வெளியே சொல்லக் கூடாது என்று பேசி முடித்தார். 1963 ஏப்ரலில் அவை துருக்கியிலிருந்து போய்விட்டன. பொதுமக்களுக்கு முழு விவரம் தெரிய வெகு காலம் ஆனது.

கூடவே, சொல்லாமல் விட்டதையும் ஓரத்தில் எழுதுங்கள். கியூப மக்களைப் பார்த்து, ஒரு நண்பனாகப் பேசுகிறேன் என்கிறார் கென்னடி. அதே கியூபாவில், 1961 ஏப்ரலில் பிக்ஸ் விரிகுடாவில் நாடு கடந்த கியூபர்களை இறக்கி ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. 18 நிமிடத்தில் அதற்கு ஒரு நொடியும் ஒதுக்கவில்லை.

யாரிடம் பேசுகிறார்?

"என் அன்பார்ந்த குடிமக்களே" என்று தொடங்குவதால் குடிமக்களிடம்தான் பேசுகிறார் என்று நினைத்துவிடக் கூடாது. பத்தி பத்தியாகப் பார்த்து, இது யாருக்கு என்று ஓரத்தில் எழுதுங்கள். இந்த ஏவுகணைகள் எங்கெல்லாம் வந்து விழும் என்று சொல்லும் இடத்தில் வாஷிங்டனுடன் பனாமா கால்வாய், மெக்சிகோ நகரம், வடக்கே கனடாவின் ஹட்சன் விரிகுடா, தெற்கே பெருவின் லிமா என்று ஒரு பட்டியல் போகிறது. அமெரிக்காவில் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பவருக்கு லிமா எதற்கு? மறுநாள் 23ஆம் தேதி அமெரிக்க நாடுகள் அமைப்பு கூடி இந்தக் கடல் தடைக்கு ஒப்புதல் கொடுக்க வேண்டியிருந்தது, அந்த வாக்குகள் லத்தீன் அமெரிக்க நாடுகளின் கையில் இருந்தன. அந்தப் பட்டியல் அவர்களுக்கு என்றுதான் நான் படிக்கிறேன். வாக்கெடுப்பில் ஒப்புதலும் கிடைத்தது.

குருஷேவுக்கான பகுதி தனி. ரகசியமான, பொறுப்பற்ற, ஆத்திரமூட்டும் செயல் என்று திட்டிவிட்டு, உலகை அழிவின் பாதாளத்திலிருந்து பின்னுக்கு இழுக்க அவருக்கு இப்போது ஒரு வாய்ப்பு இருக்கிறது என்று முடிக்கிறார். எதிராளி கௌரவமாகப் பின்வாங்க வழி விட்டிருக்கிறாரா, இல்லையா? இதை ஒவ்வோர் உரையிலும் தேடுங்கள். வழி இல்லாத உரைதான் பயப்பட வேண்டிய உரை, அது எவ்வளவு மென்மையான குரலில் வந்தாலும் சரி.

யாருக்கு எப்படிக் கேட்கும் என்று தலைவரே கவனிக்காமல் போவதும் உண்டு. அதே 1962 அக்டோபர் 22 அன்றுதான், சீனத் தாக்குதல் தொடங்கி இரண்டு நாளில், நேருவும் இந்திய மக்களுக்கு வானொலியில் பேசினார். ஒரே நாளில் உலகின் இரு மூலைகளில் இரண்டு நெருக்கடி உரைகள். நவம்பரில் வடகிழக்கு எல்லையிலிருக்கும் பொம்டிலா நகரம் சீனர்களிடம் விழுந்த பிறகு அவர் மறுபடி பேசும்போது, அசாம் மக்களை நினைத்து என் இதயம் உருகுகிறது என்ற பொருளில் ஒரு வரி சொன்னார். டெல்லியில் அது அனுதாபம். அசாமில் அது "உங்களைக் கைகழுவிவிட்டோம்" என்று கேட்டது. இன்று வரை அங்கே அந்த வரியைச் சொல்லிக் காட்டுகிறார்கள். அதனால் உரையை ஒருமுறை, தாக்குதல் நடக்கும் எல்லையில் உட்கார்ந்திருப்பவராகவும் படித்துப் பாருங்கள்.

பழைய கதை வந்தால்

நெருக்கடி உரை என்றால் வரலாற்றுப் பாடம் ஒன்று கட்டாயம் வரும். கென்னடி 1930களை எடுத்தார்: ஆக்கிரமிப்பைத் தட்டிக் கேட்காமல் விட்டால் அது கடைசியில் போரில்தான் முடியும். ஹிட்லர், 1938இல் அவருக்கு விட்டுக்கொடுத்த மியூனிக் ஒப்பந்தம் என்று பெயர் சொல்லவே தேவையில்லை, எல்லோருக்கும் புரியும். 1956இல் சூயஸ் கால்வாய் விவகாரத்தில் பிரிட்டன் பிரதமர் ஈடனும் எகிப்தின் அதிபர் நாசரைப் பார்த்து இதே பாடத்தைத்தான் ஒப்பித்தார், பிறகு என்ன ஆனது என்பது தெரிந்ததே. இந்த இடத்தில் செய்ய வேண்டியது சின்ன வேலை: இதற்குப் பதிலாக வேறெந்தப் பழைய கதையைச் சொல்லியிருக்கலாம் என்று யோசிப்பது. கென்னடியின் மனதில் வேறொரு கதையும் ஓடிக்கொண்டிருந்தது. 1914இல் யாருமே விரும்பாமல் ஒருவர் மேல் ஒருவர் தடுக்கி விழுந்து உலகப் போருக்குள் போனது பற்றி அப்போது வந்திருந்த ஒரு வரலாற்று நூலைப் படித்துவிட்டு, நெருக்கமானவர்களிடம் அதைப் பற்றிப் பேசியிருக்கிறார். மேடைக்கு 1938, அறைக்குள் 1914. முதல் கதை "விடாதே" என்கிறது, இரண்டாவது "நிதானம்" என்கிறது.

உறுதியான குரல் ஆதாரம் ஆகாது

"ஐயத்துக்கு இடமில்லாத ஆதாரம்" என்றார் கென்னடி. அது உண்மை. படங்கள் இருந்தன, 25ஆம் தேதி ஐ.நா.வில் அமெரிக்கத் தூதர் ஸ்டீவன்சன் அவற்றைப் பலகையில் வைத்துக் காட்டினார். இதே உறுதியோடுதான் 1964 ஆகஸ்ட் 4 அன்று நள்ளிரவுக்குச் சற்று முன் அப்போதைய அமெரிக்க அதிபர் ஜான்சன், வியட்நாமை ஒட்டிய டோன்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் மீண்டும் தாக்கப்பட்டதாகப் பேசினார். அந்த இரண்டாவது தாக்குதல் நடக்கவேயில்லை. மூன்று நாளில் நாடாளுமன்றம் கிட்டத்தட்ட ஒருமனதாக அவருக்கு அதிகாரம் கொடுத்துவிட்டது, வியட்நாம் அதன் பிறகு என்ன ஆனது என்று உலகுக்கே தெரியும். 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா.வில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல், ஈராக்கின் பேரழிவு ஆயுதங்களைப் பற்றி நான் சொல்வதெல்லாம் திடமான ஆதாரங்களின் மீது நிற்பவை என்றார். ஈராக்கில் அந்த ஆயுதக் கிடங்குகள் கிடைக்கவேயில்லை.

மூன்று உரைகளையும் வரிசையாகப் படித்தால், மொழியை மட்டும் வைத்து எது உண்மை என்று சொல்லவே முடியாது. நான் முயன்று தோற்றிருக்கிறேன். ஆகவே இந்த இடத்தில் பென்சில் உதவாது. ஆதாரம் பற்றிய வரிகளுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு, தாளை மடித்து வைத்து, எதிர்த் தரப்பும் மூன்றாவது தரப்பும் என்ன சொல்கின்றன என்று சில நாள் காத்திருங்கள். குழுவில் எதையும் போடாதீர்கள்.

பதிலையும் படியுங்கள்

உரை பாதி உரையாடல்தான். குருஷேவ் 26ஆம் தேதி தனிப்பட்ட கடிதத்தில், போர் என்ற முடிச்சைப் போட்டுவிட்டுக் கயிற்றின் இரு முனைகளையும் நாம் இழுக்கக் கூடாது, இழுக்க இழுக்க முடிச்சு இறுகும் என்று எழுதினார். மனிதர் கலங்கிப்போய் எழுதியது போலவே இருக்கும். மறுநாள் வானொலியில் பகிரங்கமாக வந்த கடிதமோ கறாரானது, துருக்கி ஏவுகணைகளையும் எடு என்றது. கென்னடி தரப்பு முதல் கடிதத்துக்கு வெளிப்படையாகப் பதில் சொல்லி, இரண்டாவதற்கு ரகசியமாகப் பதில் சொன்னது.

28ஆம் தேதி குருஷேவின் கடைசிப் பதில் மாஸ்கோ வானொலியில் வந்தது, தூதரகம் வழியாகப் போனால் தாமதமாகும் என்று. இதை நீங்களே வீட்டுப்பாடமாகச் செய்து பாருங்கள். பெயர், வினை, அடைமொழி, யாருக்கு, எல்லாக் குறியும் போடலாம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: கியூபாவிலிருக்கும் ஆயுதங்களைப் பிரித்துப் பெட்டியில் கட்டித் திருப்பி அனுப்ப உத்தரவிட்டுவிட்டோம் என்கிறார். எந்த ஆயுதங்களை? "தாக்குதலுக்கானவை என்று நீங்கள் வர்ணிக்கிற" ஆயுதங்களை.